‘கெட்’ என்ற வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களில் ‘கெட்’ பற்றியவை மட்டுமே ஒரு தனிக்கட்டு சேரும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம், வாய்விட்டுப் படியுங்கள்.

1. அகராதியில ‘கெட்’டுக்குப் பக்கம் பக்கமா பொருள் போட்டிருக்கே, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பொருளை முடிவு செய்வது அதுதான். பெயர்ச்சொல் வந்தால் கிடைத்தல், வாங்குதல், கொண்டுவருதல்: “ஐ காட் எ ஜாப்” (எனக்கு வேலை கிடைத்தது). பெயரடை வந்தால் ஆகுதல்: “த டீ இஸ் கெட்டிங் கோல்ட்” (டீ ஆறிக்கொண்டிருக்கிறது). இடம் வந்தால் போய்ச் சேர்தல்: “வி காட் டு மதுரை அட் சிக்ஸ்” (ஆறு மணிக்கு மதுரை போய்ச் சேர்ந்தோம்). வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் ‘-படு’ என்ற பொருள்: “ஹி காட் ஹர்ட்” (அவனுக்கு அடிபட்டது). மூன்றாம் வடிவம் என்பது ‘கோ, வென்ட், கான்’ என்று வரிசையாகச் சொல்லும்போது கடைசியில் வருவது.

இந்த நான்கோடு, ‘டு’ சேர்த்து இன்னொரு வினை வரும் அமைப்பையும் (17-ஆம் கேள்வி), ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’ போன்ற சின்னச் சொற்கள் ஒட்டும் அமைப்பையும் (19-ஆம் கேள்வி) தெரிந்துகொண்டால் அன்றாடப் பேச்சில் வரும் பெரும்பாலான ‘கெட்’ பிடிபட்டுவிடும்.

2. ‘கெட்டு’ன்னு சொன்னா சிரிக்கிறாங்க. உச்சரிப்புல என்ன தப்பு?

தமிழில் எந்தச் சொல்லும் ‘ட்’ என்று முடிவதில்லை. அதனால் வாய் தானாகவே ஓர் ‘உ’வைச் சேர்த்துவிடுகிறது. நாக்கு மேலே தொட்டதும் காற்றை அங்கேயே நிறுத்துங்கள், ‘உ’ வராது. நாக்கு தொடும் இடமும் வேறு. தமிழ் ‘ட்’டுக்கு நுனியைப் பின்னால் மடக்குகிறோம், ஆங்கில ஒலிக்கு மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் ஈறு மேட்டைத் தொட்டால் போதும். முதல் எழுத்து ‘கண்ணன்’ என்பதில் வரும் ‘க’ அல்ல. ‘சங்கம்’ என்னும்போது ‘ங்’குக்குப் பின்னால் வருகிற ‘க’.

அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். “கெட் அப்” என்பது ‘கெட்டப்’ என்று கேட்கும். அமெரிக்கர் வாயில் அது ‘கெடப்’ ஆகிவிடும். படம் பார்க்கும்போது ‘கெட்’ காதில் விழாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

3. ‘எனக்கு வேலை கிடைச்சது’ன்னு சொல்லப் போனா “டு மி ஜாப் காட்”னு வருது. ஏன் இப்படி?

தமிழில் கிடைக்கும் பொருள்தான் எழுவாய். ஆளுக்குக் ‘கு’ போடுகிறோம்: எனக்கு, அவளுக்கு, எங்களுக்கு. ஆங்கிலத்தில் பெறுகிறவரே எழுவாய். ஆகவே ‘கு’வை எடுத்துவிட்டு ஆளை முன்னால் நிறுத்துங்கள், அடுத்து ‘கெட்’, அதற்கடுத்துப் பொருள். எனக்குக் கடிதம் வந்தது: “ஐ காட் எ லெட்டர்”. அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது: “ஷி காட் எ சீட்”.

எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டிட்’ வந்துவிட்டால் ‘காட்’ வரக்கூடாது. இறந்தகாலத்தை ‘டிட்’டே சுமந்துகொள்கிறது. “ஐ டிடின்ட் காட்”, “டிட் யூ காட்” இரண்டும் பிழை. “ஐ டிடின்ட் கெட் த சேலரி”, “டிட் யூ கெட் த பார்சல்?” என்பவையே சரி. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் இந்தப் பிழை தங்கிவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் ‘கிடைத்தது’ என்றால் தானாக வந்தது. ‘வாங்கினேன்’ என்றால் நாம் முயன்றது. ‘கெட்’ இந்த வேறுபாட்டைக் காட்டாது. “ஐ காட் எ சாரி” என்றால் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம், யாரோ கொடுத்ததாகவும் இருக்கலாம். தெளிவு வேண்டுமானால் ‘பாட்’ என்றோ “சம்ஒன் கேவ் மி” என்றோ சொல்லிவிடுங்கள்.

4. “கெட் மி எ காஃபி”யா, “கெட் எ காஃபி டு மி”யா?

முதலாவது சரி. இரண்டாவதில் ‘டு’வுக்குப் பதில் ‘ஃபார்’ போட வேண்டும்: “கெட் எ காஃபி ஃபார் மி”. ‘எனக்கு’ என்பதை எப்போதும் ‘டு மி’ என்று மாற்றும் பழக்கத்தால் வரும் பிழை இது. இங்கே ‘கெட்’ என்றால் போய் எடுத்துக்கொண்டு வருவது. ‘பிரிங்’கில் வருவது மட்டும் உண்டு. காபி பக்கத்து அறையில் இருக்கிறது, கேட்கப்படுபவர் உங்கள் எதிரில் நிற்கிறார் என்றால் ‘கெட்’ பொருந்தும். அவர் ஏற்கெனவே அந்த அறையில் இருந்தால் ‘பிரிங்’.

கடையில் “கேன் ஐ கெட் எ காஃபி?” என்று கேட்பது அமெரிக்க வழக்கம். இங்கிலாந்தில் சிலருக்கு அது உறுத்தும், ‘நானே உள்ளே போய் எடுத்துக்கொள்ளட்டுமா’ என்பதுபோல் அவர்களுக்குக் கேட்கும். “கேன் ஐ ஹாவ்” என்றால் எங்கும் பிரச்சினை இல்லை.

5. கோபம் வருது, தூக்கம் வருது, சந்தேகம் வருது. எல்லாத்துக்கும் ‘கெட்டிங்’ போடலாமா?

போடலாம், ஆனால் அடுத்து வரும் சொல்லை மாற்ற வேண்டும். தமிழில் கோபம், தூக்கம், பசி எல்லாம் பெயர்ச்சொற்கள். அவை நம்மிடம் ‘வருகின்றன’. ஆங்கிலத்தில் நாம் அந்த நிலைக்குப் போகிறோம், அதனால் பெயரடை தேவை. “ஐ ஆம் கெட்டிங் ஆங்கர்” தவறு, “ஐ ஆம் கெட்டிங் ஆங்க்ரி” சரி. “கெட்டிங் ஸ்லீப்” அல்ல, “கெட்டிங் ஸ்லீப்பி”. “கெட்டிங் போர்” அல்ல, “கெட்டிங் போர்ட்”. “கெட்டிங் டென்ஷன்” அல்ல, “கெட்டிங் டென்ஸ்” அல்லது “ஸ்ட்ரெஸ்ட்”.

‘தூக்கம் வரலை’ என்பதற்கு “ஸ்லீப் இஸ் நாட் கமிங்”, “ஐ ஆம் நாட் கெட்டிங் ஸ்லீப்” என்று நம்மூரில் சொல்வது வழக்கம். வெளியூர்க்காரருக்கு “ஐ கான்ட் ஸ்லீப்” என்றால்தான் இயல்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் “ஐ ஹாவ் எ கொஸ்டின்”.

உடம்புக்கு வருபவை விலக்கு. “ஐ காட் எ கோல்ட்” (சளி பிடித்தது), “ஐ கெட் எ ஹெடேக் இன் த சன்” (வெயிலில் போனால் தலைவலி வரும்) இவற்றில் பெயர்ச்சொல் சரி. நடுவில் ‘எ’ இருக்க வேண்டும். அது விடுபட்டால் “ஐ காட் கோல்ட்” எனக்குக் குளிரெடுத்தது என்று பொருள் மாறிவிடும். இப்போது காய்ச்சல் இருக்கிறது என்றால் ‘கெட்டிங்’ வேண்டாம். “ஐ ஹாவ் எ ஃபீவர்”.

6. ‘ஆகு’ன்னா ‘பிகம்’னுதான் படிச்சோம். ‘கெட்’டும் ‘பிகம்’மும் ஒண்ணுதானா?

பெயரடை முன்னால் பெரும்பாலும் ஒன்றுதான். ‘கெட்’ பேச்சு, ‘பிகம்’ எழுத்து. பெயர்ச்சொல் வந்தால் இரண்டும் பிரிந்துவிடும். “ஹி பிகேம் எ டாக்டர்” என்றால் அவன் மருத்துவர் ஆனான். “ஹி காட் எ டாக்டர்” என்றால் மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். முதல் பதிலில் சொன்னதுதான்: பெயர்ச்சொல் முன்னால் ‘கெட்’டுக்கு ‘ஆகு’ என்ற பொருள் இல்லை.

கெட்டுப்போவது, நிறம் மாறுவது போன்ற சிலவற்றுக்குத் தனி வினைகள் உண்டு. பால் திரிந்தால் “த மில்க் வென்ட் பேட்”, வழுக்கை விழுந்தால் “ஹி வென்ட் பால்ட்”, இலை மஞ்சளானால் “த லீவ்ஸ் டர்ன்ட் யெல்லோ”. இவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும்.

7. ‘நேரமாச்சு’ன்னு சொல்ல “ஐ ஆம் கெட்டிங் லேட்” சரியா?

இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளியே “இட்ஸ் கெட்டிங் லேட்” (நேரமாகிறது, இருட்டுகிறது) என்றோ “ஐ ஆம் ரன்னிங் லேட்” (எனக்குத் தாமதமாகிறது) என்றோ சொல்வார்கள்.

8. பஸ்ஸிலேர்ந்து ‘கெட் டவுன்’ பண்றது தப்பாமே? காருக்கு ஒண்ணு, பஸ்ஸுக்கு ஒண்ணுன்னு வேற சொல்றாங்க.

‘இறங்கு’ என்பதை நேராக மாற்றினால் ‘கெட் டவுன்’தான் வரும், தமிழ்நாட்டுக் கண்டக்டர் முதல் கல்லூரி ஆசிரியர் வரை அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘கெட் டவுன்’ என்றால் மரம், ஏணி, மேசை போன்ற உயரத்திலிருந்து கீழே வருவது, அல்லது குண்டு பாயும்போது குனிந்து படுப்பது. ஓடும் பேருந்தில் “கெட் டவுன்!” என்று கத்தினால் அங்கே இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’: பேருந்து, ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற வண்டி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’: கார், டாக்சி. ஆட்டோவும் இதில்தான் சேரும். காலைத் தூக்கிப் போட்டு மேலே உட்காரும் சைக்கிள், பைக், குதிரைக்கு மறுபடியும் ‘ஆன்’, ‘ஆஃப்’. “ஐ காட் ஆஃப் தி ஆட்டோ” என்றால் ஆட்டோவின் கூரைமேல் உட்கார்ந்து வந்ததுபோல் ஆகிவிடும்.

9. “ஐ காட் டு ஹோம்” ஏன் தப்பு? “காட் டு த ஸ்டேஷன்” மட்டும் எப்படிச் சரி?

‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகியவற்றுக்குள்ளேயே ‘-க்கு’ அடங்கியிருக்கிறது, இவற்றின் முன் ‘டு’ வராது. “ஐ காட் ஹோம் அட் நைன்”, “ஹவ் டு ஐ கெட் தேர்?” மற்ற இடங்களுக்கு ‘டு’ வேண்டும். ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்: ‘கோ’ புறப்பட்டுப் போவது, ‘கெட்’ போய்ச் சேர்வது. “ஐ வென்ட் டு த ஸ்டேஷன் அட் சிக்ஸ்” என்றால் பெரும்பாலும் ஆறு மணிக்குக் கிளம்பினேன். ‘காட்’ என்றால் ஆறு மணிக்கு அங்கே இருந்தேன். வழி கேட்கும்போது ‘கோ’வைவிட ‘கெட்’ பொருத்தம்: “ஹவ் டு ஐ கெட் டு எக்மோர்?”

10. “ஐ ஹாவ் எ பென்”, “ஐ ஹாவ் காட் எ பென்”, “ஐ காட் எ பென்”. எதைச் சொல்றது?

முதலிரண்டும் ‘என்னிடம் பேனா இருக்கிறது’. ‘ஹாவ் காட்’ பார்க்க இறந்தகாலம்போல் இருந்தாலும் பொருள் நிகழ்காலம்தான். பிரிட்டிஷ் பேச்சில் இது மிகுதி, பெரும்பாலும் சுருங்கி “ஐவ் காட்” என்று வரும். மூன்றாவது இருவகை. “பேனா கிடைத்தது” என்ற இறந்தகாலமாகவும் இருக்கலாம், ‘ஐவ்’ என்பதில் ‘வ்’ விழுந்துபோன கொச்சைப் பேச்சாகவும் இருக்கலாம். எழுத்தில் அந்த இரண்டாவது பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வியில் இரண்டையும் கலக்கக் கூடாது. “டு யூ ஹாவ் எ பென்?” அல்லது “ஹாவ் யூ காட் எ பென்?” மட்டுமே உண்டு. “டு யூ ஹாவ் காட்” என்று ஒன்று கிடையாது. இறந்தகாலத்தில் ‘ஹாட்’ மட்டும் போதும்: சின்ன வயதில் என்னிடம் சைக்கிள் இருந்தது என்பதற்கு “ஐ ஹாட் எ சைக்கிள்”. ‘ஹாவ்’ என்பது சாப்பிடுதல், குளித்தல் போன்ற செயலைக் குறித்தால் ‘காட்’ சேராது. “ஐ ஹாவ் பிரேக்ஃபாஸ்ட் அட் எய்ட்” என்பதை “ஐ ஹாவ் காட் பிரேக்ஃபாஸ்ட்” என்று மாற்றினால், ‘டிபன் என்னிடம் இருக்கிறது’ என்று பொருளாகும்.

11. ‘காட்டன்’னு அமெரிக்காக்காரங்க சொல்றது இலக்கணப் பிழையா?

பிழை இல்லை. ‘கெட்’டின் பழைய மூன்றாம் வடிவம் அது. இங்கிலாந்து பேச்சில் அது வழக்கொழிந்து ‘காட்’ நின்றது, அமெரிக்கா அதை விடவில்லை. ‘ஃபர்காட்டன்’ என்பதில் இங்கிலாந்துக்காரரும் இன்றைக்கும் அதை வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கரிடம் இரண்டுக்கும் வேறு வேறு வேலை. “ஐவ் காட் எ கார்” என்றால் கார் இருக்கிறது. “ஐவ் காட்டன் எ கார்” என்றால் கார் வாங்கியாகிவிட்டது. பத்தாவது பதிலில் பார்த்த ‘இருக்கிறது’ என்ற பொருளுக்கும், பதினேழில் வரப்போகும் ‘வேண்டும்’ என்ற பொருளுக்கும் அவர்கள் ‘காட்டன்’ போடுவதில்லை. நம் பள்ளித் தேர்வுகளில் பிரிட்டிஷ் வழக்கப்படி ‘காட்’ எழுதினால் போதும்.

12. “ஐ காட் மேரீட்”, “ஐ ஆம் மேரீட்” ரெண்டும் ஒண்ணா?

முதலாவது கல்யாணம் நடந்த நிகழ்ச்சி, இரண்டாவது கல்யாணமான நிலை. நாள், ஆண்டு சொன்னால் முதலாவது: “வி காட் மேரீட் இன் 2010”. எத்தனை வருடமாக என்றால் நிலை: “வி ஹாவ் பின் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்”. ‘அவரோடு’ என்று வந்தாலும் “மேரீட் வித்” அல்ல, “மேரீட் டு”.

13. “வாஸ் ஹர்ட்”, “காட் ஹர்ட்”. செயப்பாட்டு வினைக்கு எதைப் போடணும்?

‘வாஸ்’ நிலையையும் காட்டும், நிகழ்ச்சியையும் காட்டும். ‘காட்’ நிகழ்ச்சியை மட்டும் காட்டும். “த கேட் வாஸ் லாக்ட் அட் டென்” என்றால் பத்து மணிக்குப் பார்த்தபோது பூட்டியிருந்தது என்றும் கொள்ளலாம், பத்து மணிக்குப் பூட்டினார்கள் என்றும் கொள்ளலாம். “த கேட் காட் லாக்ட்” என்றால் பூட்டப்பட்டது என்ற ஒரே பொருள்தான்.

எதிர்பாராமல் ஒருவருக்கு நேர்வதற்கு ‘கெட்’ மிகப் பொருத்தம். தமிழிலும் இதற்கு இணை உண்டு: அடி வாங்கினான், திட்டு வாங்கினான் என்கிறோம் அல்லவா? “ஹி காட் பீட்டன்”, “ஹி காட் ஸ்கோல்டட்” அதே அமைப்புதான். “கெட் பெய்ட்” (சம்பளம் வாங்கு), “கெட் அரெஸ்டட்”, “கெட் ஸ்டக்” (சிக்கிக்கொள்) எல்லாம் இந்த வகை. கேள்வியும் எதிர்மறையும் மூன்றாம் பதிலில் சொன்னபடி ‘டு, டிட்’ கொண்டே அமையும்: “டிட் யூ கெட் பெய்ட்?”

திட்டமிட்டு, நாள்கணக்கில் செய்யப்பட்டவற்றுக்கு இது ஒவ்வாது. தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜனால் கட்டப்பட்டது என்பதற்கு ‘வாஸ் பில்ட்’தான், ‘காட் பில்ட்’ அல்ல. அறிதல், நம்புதல் போன்ற மனநிலை வினைகளிலும் ‘காட்’ வராது. ‘வாஸ் நோன்’, ‘வாஸ் பிலீவ்ட்’ என்றே எழுத வேண்டும்.

14. முடி வெட்டிக்கிட்டேன்னு சொல்ல “ஐ கட் மை ஹேர்”னு சொன்னேன். நீயே வெட்டிக்கிட்டியான்னு கேட்டாங்க. ஏன்?

தமிழில் முடி வெட்டினேன், பல் பிடுங்கினேன், ரத்தம் டெஸ்ட் பண்ணேன் என்று நாமே செய்ததுபோல்தான் சொல்கிறோம், கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்ததாகவே நினைப்பார்கள். வேறொருவரைக் கொண்டு செய்துகொண்டால் ‘கெட்’, பொருள், மூன்றாம் வடிவம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும்: “ஐ காட் மை ஹேர் கட்”, “ஐ காட் மை ப்ளட் டெஸ்டட்”, “ஐ காட் மை பாஸ்போர்ட் ரினியூட்”.

இதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று வரிசை. “ஐ காட் ரிப்பேர்ட் மை போன்” என்று மாற்றிப் போட்டால், என்னையே யாரோ ரிப்பேர் செய்ததுபோல் ஆரம்பித்து வாக்கியம் உடைந்துவிடும். ‘மை போன்’ நடுவில் வர வேண்டும். இன்னொன்று கடைசி ஒலி. “ஐ காட் மை போன் ரிப்பேர்” என்று நிறுத்திவிடுகிறோம். அந்த ‘ட்’தான் மூன்றாம் வடிவம், அதை விடக்கூடாது.

இதே அமைப்பு, வேலையை முடித்துவிடுவதையும் குறிக்கும்: “ஐ வில் கெட் இட் டன் பை ஃபைவ்”. இங்கே செய்வது நானாகவே இருக்கலாம். எதிர்பாராத இடரும் இதில் வரும்: “ஹி காட் ஹிஸ் ஃபிங்கர் ஸ்டக் இன் த டோர்” (கதவில் விரல் மாட்டிக்கொண்டது). யாரும் வேண்டுமென்று விரலைக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எந்தப் பொருள் என்று குழப்பம் வராது.

15. “ஐ காட் ஹிம் சைன்” சரியா, “ஐ காட் ஹிம் டு சைன்” சரியா?

இரண்டாவது. ஆளைக் கொண்டு செய்விக்கும்போது ‘கெட்’டுக்கு ‘டு’ கட்டாயம். ‘மேக்’, ‘ஹாவ்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: “ஐ மேட் ஹிம் சைன்”, “ஐ ஹாட் ஹிம் சைன்”. தமிழில் மூன்றுக்கும் ‘கையெழுத்துப் போட வைத்தேன்’ என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் சாயல் மாறும். ‘காட்’ என்றால் பேசி, கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். ‘மேட்’ என்றால் அவருக்கு வேறு வழி விடவில்லை. ‘ஹாட்’ என்றால் அது அவர் வேலை, சொன்னேன், செய்தார். குழந்தையைச் சாப்பிட வைத்த அம்மாவுக்கு ‘காட்’டும் பொருந்தும், ‘மேட்’டும் பொருந்தும், எது என்பது அன்றைக்கு நடந்ததைப் பொறுத்தது.

ஆள் இல்லாத பொருளிலும் வரும்: “ஐ குடின்ட் கெட் த பைக் டு ஸ்டார்ட்” (எவ்வளவு உதைத்தும் பைக் கிளம்பவில்லை).

16. “லெட்ஸ் கெட் கோயிங்”ல ‘கோயிங்’ எதுக்கு?

தொடங்குதல் என்ற பொருளுக்கு. ‘கெட் கோயிங்’, ‘கெட் மூவிங்’ என்றால் கிளம்புவோம். “வி காட் டாக்கிங்” என்றால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எல்லா வினையோடும் சேராது, இந்தச் சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

17. “ஐ காட் டு மீட் ஹிம்”, “ஐவ் காட் டு மீட் ஹிம்”. ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது. பொருள் ஒண்ணா?

‘கெட்’டில் மிகவும் ஏமாற்றும் இடம் இதுதான். “ஐ காட் டு மீட் ஹிம்” என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது, சந்தித்தாகிவிட்டது. “ஐவ் காட் டு மீட் ஹிம்” என்றால் அவரைச் சந்தித்தே ஆக வேண்டும், இன்னும் சந்திக்கவில்லை. வேறுபாடு ஒரே ஒரு ‘வ்’. வேகமான பேச்சில் அதுவும் விழுந்துவிடும். அப்போது தொனியும் சூழலும்தான் துணை. மகிழ்ச்சியோடு நடந்ததைச் சொன்னால் வாய்ப்பு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் கட்டாயம். கட்டாயப் பொருளில் இரண்டு சொற்களும் ஒட்டி ‘காட்டா’ ஆகும், வாய்ப்புப் பொருளில் பொதுவாக அப்படி ஒட்டாது. நீங்கள் பேசும்போது ஐயம் வேண்டாம் என்றால் வாய்ப்புக்கு “ஐ ஹாட் எ சான்ஸ் டு”, கட்டாயத்துக்கு “ஐ ஹாவ் டு”. ‘காட்டா’ என்பதை உரையாடலைத் தவிர வேறெங்கும் எழுதாதீர்கள்.

‘ஒர்க்’ என்ற சொல்லோடு வரும்போது இன்னும் நுட்பம். “ஐ கெட் டு ஒர்க் அட் நைன்” என்றால் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர்கிறேன். ‘ஒர்க்’ இங்கே பெயர்ச்சொல், இடம்போல நிற்கிறது. “ஐ கெட் டு ஒர்க் ஃப்ரம் ஹோம்” என்றால் வீட்டிலிருந்தே வேலை செய்ய எனக்கு வாய்ப்பிருக்கிறது. இங்கே ‘ஒர்க்’ வினை. முதல் நான்கு சொற்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, பின்னால் வருவதைப் பார்க்காமல் பொருள் சொல்லவே முடியாது.

கட்டாயத்தின் எதிர்மறையிலும் கவனம் தேவை. “யூ ஹாவின்ட் காட் டு கோ” என்றால் போகத் தேவையில்லை. “யூ மஸ்ட்ன்ட் கோ” என்றால் போகக்கூடாது. இறந்தகாலக் கட்டாயம் எப்போதும் ‘ஹாட் டு’.

18. “கெட் யூஸ்ட் டு ட்ரைவ்”வா, “ட்ரைவிங்”கா?

‘ட்ரைவிங்’. இங்கே ‘டு’ என்பது ‘-க்கு’ என்ற உருபு. அதன்பின் பெயர்ச்சொல்லோ ‘-இங்’ வடிவமோதான் வரும்: “ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு த கோல்ட்”, “கெட்டிங் யூஸ்ட் டு லிவிங் அலோன்”. ‘கெட்’ இல்லாமல் “ஐ யூஸ்ட் டு ட்ரைவ்” என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. “ஐ ஆம் யூஸ்ட் டு ட்ரைவிங்” என்றால் பழகிவிட்டது. பழகிக்கொண்டிருக்கும் நடுக்கட்டத்துக்கு ‘கெட்டிங்’.

19. ‘கெட் ஓவர்’, ‘கெட் பை’, ‘கெட் அவே வித்’னு ஏகப்பட்டது இருக்கே. எதை முதல்ல படிக்கிறது?

அன்றாடம் காதில் விழுபவை: ‘கெட் அப்’ எழுந்திருப்பது, கண் விழிப்பது மட்டும் ‘வேக் அப்’, அதனால் ஆறு மணிக்கு ‘வேக் அப்’ ஆகி ஏழு மணிக்கு ‘கெட் அப்’ ஆகலாம். ‘கெட் அலாங் வித்’ ஒருவரோடு ஒத்துப்போவது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது. பணத்துக்கும் சொல்லலாம், அரைகுறை மொழியறிவுக்கும் சொல்லலாம். ‘கெட் ரிட் ஆஃப்’ தொலைத்துக்கட்டுவது. ‘கெட் த்ரூ’ போன் லைன் கிடைப்பது, தேர்வில் தேறுவது. அலுவலகத்தில் “ஐ வில் கெட் பேக் டு யூ” என்றால் விசாரித்துப் பதில் சொல்கிறேன் என்று அர்த்தம். ஆள் திரும்பி வருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

‘கெட் அவே வித்’ கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. தவறு செய்தும் தண்டனை இல்லாமல் தப்புவது. “ஹி சீட்டட் அண்ட் காட் அவே வித் இட்” என்றால் ஏமாற்றினான், மாட்டவும் இல்லை. ‘வித்’ போய்விட்டால் பொருள் மாறும். “ஹி காட் அவே” என்றால் ஓடித் தப்பித்தான், அவ்வளவே.

‘இட்’, ‘ஹிம்’ போன்றவை எங்கே வரும் என்பதையும் பாருங்கள். ‘கெட் ஓவர் இட்’ (மனத்தைத் தேற்றிக்கொண்டு மேலே போ) என்பதில் ‘இட்’ கடைசியில். ‘கெட் இட் ஓவர் வித்’ (சட்டுபுட்டென்று செய்து தொலை) என்பதில் நடுவில். ‘கெட் இட் அக்ராஸ்’ (சொல்வதை மற்றவருக்குப் புரியவை) என்பதிலும் நடுவில். இவற்றைத் தனிச்சொல்லாக அல்லாமல் ‘இட்’டோடு சேர்த்தே வாயில் பழக்குங்கள், இடம் மாறாது.

20. புரியலைன்னா “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ”ன்னு சொல்றோம். வெளிநாட்டு கால்ல இதைச் சொல்லலாமா?

தவிர்ப்பது நல்லது. ‘புரிதல்’ என்ற பொருளில் ‘கெட்’ பொதுவாகத் தொடர்வினையாக வருவதில்லை: “ஐ டோன்ட் கெட் இட்”. சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றால் “சாரி, ஐ டிடின்ட் கெட் தட்”. ‘தட்’ என்றால் அந்தப் பேச்சு. ‘யூ’ என்றால் ஆள். “ஐ டோன்ட் கெட் யூ” என்பது ‘உன் போக்கே எனக்குப் புரியவில்லை’ என்று கேட்கக்கூடும், வாடிக்கையாளரிடம் சொல்லத் தக்கதல்ல.

21. “ஐ காட் எ ப்ரைஸ்” என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் “எ ப்ரைஸ் வாஸ் காட் பை மி” என்று எழுதலாமா?

விதிப்படி வடிவம் அமையும், யாரும் அப்படிப் பேசுவதோ எழுதுவதோ இல்லை. பாடத்தில் இப்படி ஒரு பயிற்சி வந்தால் வினையையே மாற்றுங்கள்: “எ ப்ரைஸ் வாஸ் ஒன் பை மி”. பதின்மூன்றாவது பதிலில் பார்த்ததுபோல், மற்ற வினைகளைச் செயப்பாட்டு வினையாக்க உதவும் சொல் இது. தன்னை அப்படி ஆக்கிக்கொள்வது அரிது.

22. ‘ஃபர்கெட்’டுக்கும் ‘கெட்’டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்த வேர் தனியாக அன்றி முன்னொட்டுகளோடுதான் பெரும்பாலும் வழங்கியது, ‘யெ’ போன்ற மெல்லிய ஒலியோடு. தனிச்சொல்லான ‘கெட்’, இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து அழுத்தமான ஒலியோடு வந்தது. ‘ஃபர்கெட்’டும் ‘பிகெட்’டும் அதைப் பின்பற்றி ஒலி மாறின. ‘பிகெட்’ என்றால் பிள்ளை பெறுவது, பெரும்பாலும் தந்தையைக் குறித்து. நம் ‘பெறு’வும் பரிசு பெறுவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் ஒரே சொல்லாக நிற்பதை நினைத்துப் பார்க்கலாம்.

23. விண்ணப்பத்துல, ஆபீஸ் கடிதத்துல ‘கெட்’ எழுதினா மரியாதைக் குறைவா?

மரியாதைக் குறைவு இல்லை, பேச்சுநடையாகத் தெரியும். கடிதம் கிடைத்தது என்பதற்கு ‘ரிசீவ்ட்’, அனுமதி பெற்றேன் என்பதற்கு ‘அப்டெய்ன்ட்’, பொருள் வாங்கினோம் என்பதற்கு ‘பர்ச்சேஸ்ட்’, வந்து சேர்ந்தது என்பதற்கு ‘அரைவ்ட்’, ஆனது என்பதற்கு ‘பிகேம்’. பதினான்கில் பார்த்த அமைப்புக்கு ‘ஹாவ்’: “ஐ ஹாட் த டாக்குமென்ட்ஸ் அட்டெஸ்டட்”.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு நண்பருக்கு அனுப்பும் செய்தியிலும் ‘அப்டெய்ன்’ போடாதீர்கள். பால் வாங்கி வரச் சொல்ல “ப்ளீஸ் பர்ச்சேஸ் மில்க்” என்று எழுதுவது, வீட்டில் செந்தமிழில் ‘பால் கொள்முதல் செய்க’ என்று சொல்வதற்குச் சமம். அங்கே “கெட் சம் மில்க்” தான்.